பாலத்துக்கு 46 நாள்

உலகத்தில் இதுவரை வந்த புயல்களில் எது அதிகச் சேதம் செய்தது என்று ஒரு பட்டியல் போடுவார்கள். புயல் காலம் தொடங்கினால் அது ஏதாவது ஒரு பத்திரிகையிலோ வாட்ஸ்அப்பிலோ வந்துவிடும். முதல் இரண்டு இடங்களில் 2005-இல் வந்த கத்ரீனாவும் 2017-இல் வந்த ஹார்வியும் இருக்கும். இரண்டும் அமெரிக்காவைத் தாக்கியவை. இரண்டுக்கும் சேதம் தலா 12,500 கோடி டாலர் அளவில் சொல்லப்படுகிறது. கீழே இறங்கினாலும் இயன், சாண்டி என்று அதே நாடுதான் திரும்பத் திரும்ப வரும். 1970-இல் இன்றைய வங்கதேசக் கரையில் மூன்று லட்சம் பேருக்கு மேல் வாரிக்கொண்டு போன போலா புயல் அந்தப் பட்டியலில் மேலே வராது. 1964-இல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயல் கீழேகூட வராது. பணத்தில் அளந்தால் அப்படித்தான் இருக்கும். விலை கூடிய பொருள் இருக்கிற இடத்தில்தான் சேதத் தொகையும் கூடும். ஓலைக் குடிசை பத்தாயிரம் போனாலும் அது ஒரு வணிக வளாகத்தின் கண்ணாடிச் செலவுக்குச் சமமாகாது.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் சில ஆண்டுகளாக இது என்னை விடாமல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. காரணம், எங்கள் குடும்பத்திலேயே இரண்டு வீடுகள் இரண்டு நாடுகளில் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான புயலில் மாட்டின. ஒன்று ஹூஸ்டனில் என் பெரியப்பா மகன் வீடு. இன்னொன்று பாம்பனில் என் சித்தப்பா வீடு. பட்டியலில் இடம் பிடித்த புயல் அண்ணனுடையது. சித்தப்பாவைத் தாக்கிய புயலைச் செய்தியில் ‘பெரிய சேதம் இல்லை’ என்று சொல்லி அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள்.

சித்தப்பாவின் புயல்

2020 டிசம்பர் புரெவியை நம் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2-ஆம் தேதி இரவு திரிகோணமலை அருகே கரையேறி, இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே கரையைக் கடக்கும் என்று சொன்னார்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாகிவிட்டது, கடலுக்குப் போகப் படகுகளுக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டான டோக்கனை நிறுத்தியாகிவிட்டது, தாழ்வான இடங்களில் இருந்தவர்களைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் அது வலுவிழந்து, ராமநாதபுரத்துக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றது. பயந்த அளவுக்குக் காற்று அடிக்கவில்லை. எல்லோரும் பெருமூச்சு விட்டோம், அதில் தப்பே இல்லை. உயிர் தப்பியதற்கு முதலில் சந்தோஷப்படத்தான் வேண்டும்.

வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும் என்பதால் படகுகளைத் தென்கடல் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது எங்கள் ஊர்ப் பழக்கம். சித்தப்பாவும் தன் ஃபைபர் வல்லத்தை அப்படித்தான் நிறுத்தியிருந்தார். இந்தப் புயல் வந்து நின்றதோ தென்கடலில். ஒன்றோடு ஒன்று கட்டியிருந்த படகுகள் ராத்திரி முழுக்க மோதிக்கொண்டன. விடிந்தபோது வல்லத்தின் ஒரு பக்கம் நீளவாக்கில் பிளந்திருந்தது. இன்ஜின் உப்புத் தண்ணீரில் முங்கிக் கிடந்தது. நண்டு வலைகளில் பாதி மண்ணுக்குள், மீதி கிழிந்து கயிறாகத் திரிந்திருந்தது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆட்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் எந்தக் கணக்கிலும் அது பெரிய சேதம் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். பாதிக்கப்பட்ட படகுகளுக்கு நிவாரணம் என்று அறிவிப்பு வந்தது. சித்தப்பா அந்தப் படகை இன்னொருவரிடம் பழையதாக வாங்கியிருந்தார். பதிவு அவர் பெயருக்கு மாறவில்லை. விற்றவர் வெளிநாட்டில் இருந்தார். அலைந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யவும் ஃபைபர் ஒட்டவும் வலை வாங்கவும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். முன்பணம் வாங்கினால் என்ன ஆகும் என்று கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடன் தீரும்வரை பாடு, அதாவது பிடித்த மீன், முழுவதையும் அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்கிற விலைக்குக் கொடுக்க வேண்டும். கிலோவுக்குக் குறைகிற அந்தப் பணம்தான் வட்டி. அதைத் தாளில் யாரும் எழுதுவதில்லை. சித்தியின் சங்கிலி அடகுக்குப் போனது. நர்சிங் சேர இருந்த தங்கச்சி அந்த ஆண்டு ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள். ஒரு வருஷம்தான் என்றார்கள். அவள் படிப்புக்குத் திரும்பவே இல்லை. “படகு உடைஞ்சது ஒரு ராத்திரி பாப்பா, அது என்னைய உடைச்சது அதுக்கப்புறம்தான்” என்று சித்தப்பா ஒருமுறை சொன்னார். முன்பணம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

ஹார்வியும் புரெவியைப் போல நகர மறுத்த புயல்தான். 2017 ஆகஸ்ட் கடைசியில் டெக்சாஸ் கரையேறி, ஹூஸ்டன் பக்கம் நாள் கணக்கில் நின்று மழையைக் கொட்டியது. நெடர்லாந்து என்ற இடத்தில் மட்டும் 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். அண்ணன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கார் முங்கிவிட்டது, தரை, சுவர்ப் பலகை எல்லாம் ஊறிப்போயின. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு யாரோ ஒருவர் ஓட்டிவந்த படகில் ஏறி வெளியேறினார்கள். அந்த இரவைப் பற்றி அண்ணி இப்போதும் பேச மாட்டார். பயமும் இழப்பும் அங்கேயும் நிஜம்தான். பணக்கார நாட்டுக்காரர் என்பதால் தண்ணீர் மெதுவாக ஏறவில்லை.

ஆனால் அதற்கப்புறம் நடந்தது வேறு. அவர்கள் ஹோட்டலில் தங்கினார்கள். அண்ணன் அங்கிருந்தே மடிக்கணினியில் வேலை பார்த்தார், மாதச் சம்பளம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. காருக்கான காப்பீட்டுப் பணம் சில வாரத்தில் வந்தது. வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு இருந்ததால் அந்தப் பணமும் வந்தது. அடுத்த கோடைக்குள் வீடு புதுத் தரையோடும் புதுச் சமையலறையோடும் முன்பைவிட நன்றாகவே ஆகிவிட்டது. இதை அவரே வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். ஊறிய சுவர்ப் பலகைகளைப் பிய்த்து வெளியே போட வந்த கூலிக்காரர்கள் பெரும்பாலும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது. குடியேற்றப் பத்திரம் இல்லாதவர்களுக்கு அங்கே அரசின் பேரிடர் உதவிப் பணம் கிடையாது. அண்ணன் இதைச் சொன்னபோது எனக்கு சித்தப்பாவின் படகுப் பதிவுதான் நினைவுக்கு வந்தது. பணக்கார நாடு, ஏழை நாடு என்று நாம் கோடு போடுகிறோம். அந்தக் கோடு ஹூஸ்டனுக்குள்ளேயும் ஓடுகிறது, பாம்பனுக்குள்ளேயும் ஓடுகிறது.

உயிர் விஷயத்தில் நடந்த பெரிய மாற்றம்

ஏழை நாட்டில் புயல் என்றால் ஆயிரக்கணக்கில் சாவு என்பது ஒரு காலத்தில் விதி மாதிரி இருந்தது. அது இப்போது அப்படி இல்லை என்பதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இதைச் செய்தவர்கள் ஏழைகளே. 1991 ஏப்ரலில் வங்கதேசத்தில் அடித்த புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். 2020-இல் அதே பக்கம் அம்பன் வந்தபோது வங்கதேசம் 20 லட்சம் பேருக்கு மேல் முன்கூட்டியே வெளியேற்றியது, அங்கே இறந்தவர்கள் சில பத்துப் பேர். நடுவில் அந்த நாடு பணக்கார நாடாகிவிடவில்லை. கிராமத்துக்குக் கிராமம் தொண்டர்கள் இருந்தார்கள். அந்த ஏற்பாடு 1972-லேயே தொடங்கியது. கொடி ஏற்றுவது, கைஒலிபெருக்கியில் அறிவிப்பது, வயதானவரைத் தூக்கிக்கொண்டு போவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. சாதாரண நாளில் பள்ளிக்கூடமாக இருக்கும் உயரமான கட்டடம் புயல் நாளில் அடைக்கலம். ஒடிசாவிலும் இதே கதைதான். 1999 அக்டோபரில் சுமார் 10,000 பேரை இழந்த மாநிலம், 2013-இல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேரை நகர்த்தி, சாவைச் சில பத்துகளுக்குள் நிறுத்தியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2004-இல் ஜீன் என்ற புயல் ஹைட்டியைத் தொட்டபோது அது முழு வலுவில்கூட இல்லை. ஆனால் விறகுக்கும் கரிக்கும் மரம் வெட்டி மொட்டையாகிவிட்ட மலைகளிலிருந்து தண்ணீரும் சேறும் கொனாயீவ் நகரத்துக்குள் இறங்கி, அந்த நாட்டில் 3,000 பேர் இறந்தார்கள். அதே புயல் பலம் கூடி ஃபுளோரிடாவில் கரையேறியபோது இறந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2008-இல் மியான்மரில் நர்கிஸ் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. வறுமை மட்டும் அதற்குக் காரணம் இல்லை. மக்களை நகர்த்த முயற்சி எடுக்காததும், வெளியிலிருந்து வந்த உதவியை ராணுவ அரசு பல நாள் தடுத்து வைத்ததும் காரணம். நம் பக்கத்திலேயே 2017-இல் ஒக்கி நாட்களில் ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி, கேரள மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் இருந்தவனுக்குக் கூண்டு உண்டு, தொலைக்காட்சி உண்டு. பத்து நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனவனுக்கு என்ன இருந்தது?

ஆக, உயிரைக் காப்பாற்றுவதற்குப் பணத்தைவிட முனைப்பு அதிகம் தேவை என்று சொல்லலாம். இதில் எனக்குப் பெருமையே உண்டு. ஆனால் உயிர் தப்பிய பத்து லட்சம் பேர் அடைக்கலக் கட்டடத்திலிருந்து வெளியே வந்து எங்கே போனார்கள் என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. 2009-இல் அய்லா புயல் தென்மேற்கு வங்கதேசத்தில் தடுப்பு மண்கரைகளை உடைத்துக் கடல்நீரை ஊருக்குள் விட்டது. நிலம் உப்பாகிப் போனது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உடைந்த கரைகளின் மேலேயே கூரை போட்டு வருஷக் கணக்கில் வாழ்ந்தன. புயலில் பிழைத்தவர்கள் என்று அவர்களை ஒரு பக்கம் எண்ணியாகிவிட்டது. அந்தக் கரை மேல் வாழ்ந்த வருஷங்களை யாரும் எந்தப் பக்கத்திலும் எண்ணவில்லை.

அப்பத்தா கேட்டது

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலத் திறப்பு விழா. அன்றைக்கு எல்லாத் தொலைக்காட்சிகளிலும் பழைய பாலத்தின் கதை ஓடிக்கொண்டே இருந்தது. 1914-இல் கட்டியது, 1964 டிசம்பர் புயலில் பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான கர்டர்கள் பெரும்பாலும் கடலுக்குள் போனது, இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரனிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது, ஆறு மாதம் ஆகும் என்று நினைத்த வேலையைக் கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துத் தூக்கி வைத்து 46 நாளில் முடித்தது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நூறு தடவை கேட்ட கதை. ராமேஸ்வரம் தீவில் பிறந்த எங்களுக்கு அது சொந்தக் கதை மாதிரி. தங்கச்சிமடம் வீட்டில் அப்பத்தாவுடன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பத்தா தனுஷ்கோடியில் வாழ்க்கைப்பட்டவர். புயல் வந்தபோது கல்யாணமாகி ஓரிரு ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த ஊரில் அப்போது ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. சென்னையிலிருந்து வரும் போட் மெயிலில் இறங்கி, இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். டிசம்பர் 22 இரவு கடல் ஊருக்குள் வந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் ஊரை நெருங்கும் நேரத்தில் அலையில் போனது, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பிழைக்கவில்லை. தாத்தாவும் அப்பத்தாவும் ஒரு மணல்மேட்டின் மேல் ராத்திரியைக் கழித்திருக்கிறார்கள். தாத்தாவின் தம்பி கிடைக்கவே இல்லை. அந்த இரவைப் பற்றி அப்பத்தா பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்கப்புறம் என்ன ஆனது என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. புயல் கதை என்றால் அந்த ஓர் இரவோடு முடிந்துவிடும் என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம்.

தொலைக்காட்சியில் 46 நாள் என்று மறுபடியும் சொன்னபோது அப்பத்தா என் பக்கம் திரும்பி, “எத்தன நாளுங்கிறான்?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். “அந்த நாப்பத்தாறு நாளும் நாங்க ராமேஸ்வரத்துல சத்திரத்துத் திண்ணையிலதான் ஆத்தா கெடந்தோம். பாலத்துல ரயிலு ஓடுதுன்னு சொன்னாக. சரி, அடுத்து நம்ம ஊர எடுத்துக் கட்டுவாகன்னு ஒங்க தாத்தா சொல்லிக்கிட்டே இருந்தாரு. பெறகு அந்த ஊரு குடியிருக்க லாயக்கில்லன்னு எழுதிப்புட்டாகன்னு தெரிஞ்சுச்சு.” நான் பேசாமல் இருந்தேன். அவரே சொன்னார்: “பாலம் இருந்தா ரயிலு ஓடும், சாமி கும்பிட சனம் வரும். எங்கள எடுத்து நிறுத்தி யாருக்கு என்ன ஆத்தா வரும்?”

நூறு தடவை கேட்ட கதை எனக்கு அன்றைக்கு வேறு கதையாகிவிட்டது. அந்தப் பாலத்தை அவ்வளவு வேகத்தில் எழுப்பியது பெரிய சாதனைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. அன்றைக்குத் தீவுக்கு அரிசி வரவும் நோயாளி வெளியே போகவும் படகை விட்டால் அந்த ரயில் பாலம் ஒன்றுதான் வழி. அதை முதலில் கட்டியது சரி. என் மனதில் தைத்தது இதுதான்: ஏழை நாடு, வசதி இல்லை, ஆள் இல்லை, இரும்பு இல்லை என்று நாம் சொல்கிற அதே நாடு, அதே வருஷம், அதே கடலில், முடிவு செய்த ஒரு காரியத்தை 46 நாளில் முடித்துக் காட்டியிருக்கிறது. பாலத்துக்கு இருந்த அந்த அவசரம் மனிதர்களுக்கு இருக்கவில்லை. தாத்தாவுக்குத் தங்கச்சிமடத்தில் புறம்போக்கில் ஒரு குடிசை போட இடம் கிடைத்தது. அதற்குப் பட்டா வந்தது என் அப்பா காலத்தில். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில் பாதை இன்று வரை திரும்பப் போடப்படவில்லை. விட்டுப் போகாமல், அல்லது போய்த் திரும்பி வந்து, அங்கேயே குடிசை போட்டுக் கரைவலை இழுத்து வாழ்கிற குடும்பங்கள் பல பத்தாண்டுகள் மின்சாரம் இல்லாமல், மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்துக் குடித்து வாழ்ந்தன. 2017-இல் அரிச்சல்முனை வரை நல்ல தார்ச் சாலை வந்தது. இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள நாடெங்கும் இருந்து வருகிறார்கள்.

இதற்கு ஒரு பதில் வரும் என்று தெரியும். இரண்டு கடலுக்கு நடுவில் கிடக்கிற மணல் திட்டில் ஊர் கட்டுவது முட்டாள்தனம் இல்லையா? நியாயமான கேள்வி. நானும் அங்கே மறுபடி ஒரு நகரம் வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் கால்வெஸ்டன் என்று டெக்சாஸில் ஓர் ஊர் இருக்கிறது, ஹூஸ்டனுக்குப் பக்கத்தில்தான். அதுவும் கடலோரம் நீளமாகக் கிடக்கிற மணல் தீவு. 1900 செப்டம்பரில் அடித்த புயலில் அங்கே 6,000-த்திலிருந்து 8,000 பேர் வரை இறந்தார்கள், அமெரிக்க வரலாற்றில் இன்று வரை அதைவிட அதிக உயிரைக் கொண்டுபோன புயல் இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கடலோரம் 17 அடி உயரச் சுவரின் முதல் பகுதியை 1904-இல் கட்டி முடித்தார்கள். அதோடு விடவில்லை. சுமார் 2,000 கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மணலை நிரப்பி, ஊரின் தரையையே உயர்த்தினார்கள். 1915-இல் மறுபடி பெரிய புயல் வந்தபோது ஊர் தாங்கியது. துறைமுக வியாபாரம் அப்புறம் ஹூஸ்டனுக்குப் போய்விட்டது உண்மைதான், கால்வெஸ்டன் பழைய பவிசுக்குத் திரும்பவில்லை. ஆனால் ஊர் இருக்கிறது, ஜனம் இருக்கிறது. அண்ணன் விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது அந்தக் கடற்கரைக்குத்தான்.

ஆஸ்திரேலியாவின் டார்வின் இன்னும் நெருக்கமான உதாரணம். தனுஷ்கோடிக்குச் சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 1974 கிறிஸ்துமஸ் அதிகாலையில் ட்ரேசி புயல் அந்த ஊரைத் தரைமட்டமாக்கியது. வீடுகளில் நூற்றுக்கு எண்பது போல் போய்விட்டன. சுமார் 70 பேர் இறந்தார்கள். 47,000 பேர் இருந்த ஊரிலிருந்து பெரும்பான்மையானவர்களை ஒரு வாரத்துக்குள் விமானத்திலும் சாலையிலும் வெளியே கொண்டுபோனார்கள். அடுத்த பிப்ரவரியில் மறுகட்டுமானத்துக்கென்றே ஓர் ஆணையம் அமைத்தார்கள். 1978-க்குள் பழைய அளவு மக்களுக்கு வீடு தயார். காற்றைத் தாங்கும்படி வீடு எப்படிக் கட்ட வேண்டும் என்று நாடு முழுக்க விதிகள் மாறின. ‘இந்த ஊர் லாயக்கில்லை’ என்று எழுதிவிட்டுப் போகும் யோசனையே அங்கே நிலைக்கவில்லை. தனுஷ்கோடியில் ஊரைக் கட்ட முடியாது என்றால் அந்த ஊர் ஆட்களுக்கு வேறு இடத்தில் ஊர் கட்டியிருக்கலாம். மனை, பள்ளி, படகு நிறுத்த இடம், பட்டா. இதற்கு 17 அடிச் சுவர் தேவையில்லை.

யாருடைய இழப்புக்கு எவ்வளவு மதிப்பு

பணக்கார நாடு எல்லோருக்கும் இப்படிச் செய்கிறது என்று சொன்னால் பொய்யாகிவிடும். கத்ரீனாவில் நியூ ஆர்லியன்ஸை விட்டு வெளியேறச் சொன்னபோது கார் இல்லாதவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அப்புறம் வீடு கட்ட உதவித்தொகை கொடுத்த லூசியானா மாநிலத் திட்டத்தில், வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவையும் புயலுக்கு முன் அந்த வீட்டின் சந்தை மதிப்பையும் வைத்துப் பார்த்து, எது குறைவோ அதை எடுத்துக்கொண்டார்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் சந்தை மதிப்பு குறைவு. அதனால் ஒரே அளவு வீடு, ஒரே மாதிரி இடிபாடு, ஆனால் கையில் வந்த பணம் குறைவு. வழக்குப் போட்டு 2011-இல் சமரசமாகும் வரை அப்படித்தான் போனது. மரியா புயல் 2017-இல் அமெரிக்காவின் பிடியில் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது இறந்தவர்கள் 64 பேர் என்று முதலில் சொன்னார்கள். அடுத்த ஆண்டு ஆய்வு செய்து 2,975 என்று திருத்தினார்கள். மின்சாரம் போய், மருந்து கிடைக்காமல், டயாலிசிஸ் நின்று, மாதக் கணக்கில் இறந்தவர்கள் அவர்கள். புயல் இரவில் சாகாததால் முதல் கணக்கில் வரவில்லை.

அதே மரியா டொமினிக்கா என்ற குட்டித் தீவு நாட்டில் செய்த சேதம், அந்த நாட்டின் ஓர் ஆண்டு மொத்த உற்பத்தியில் 226 சதவீதம். கத்ரீனாவின் 12,500 கோடி டாலர் அமெரிக்காவின் ஓர் ஆண்டு உற்பத்தியில் 1 சதவீத அளவு. தொடக்கத்தில் சொன்ன பட்டியலை இந்தக் கணக்கில் போட்டால் தலைகீழாகிவிடும். ஆனால் எனக்கு அந்தத் தலைகீழ்ப் பட்டியலும் போதவில்லை. சதவீதமும் பொருளைத்தான் அளக்கிறது. ஒரு குடும்பம் புயலுக்கு முந்தின நாள் இருந்த நிலைக்குத் திரும்ப எவ்வளவு காலம் ஆனது என்று யாராவது அளந்தால், அண்ணன் வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கும் குறைவு. சித்தப்பா வீட்டுக்கு இன்னும் முடியவில்லை, தங்கச்சியின் படிப்பை எடுத்துக்கொண்டால் முடியவே முடியாது. அப்பத்தாவுக்கு அறுபது ஆண்டு. இந்த அளவுகோலில் ‘பெரிய சேதம் இல்லை’ என்ற செய்தி புரெவிக்கு வந்திருக்காது.

நம் கரையில் சேதக் கணக்கு எடுக்க வருகிறவர்கள் நல்லவர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வேகாத வெயிலில் கரை கரையாக நடந்து கணக்கெடுக்கிற ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இருக்கிற படிவத்தில் படகு முழுச் சேதமா, பகுதிச் சேதமா, குடிசையா, ஓட்டு வீடா, பதிவு எண் என்ன என்றுதான் கட்டங்கள் இருக்கின்றன. தீவைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குக் கடல் கலங்கிவிட்டால் இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே தெரியாது, கையில் எடுக்க முடியாது. அவர்களிடம் உடைவதற்குப் படகும் இல்லை. கூட்டுப் படகில் கூலிக்குப் போகிறவரிடமும் இல்லை. கருவாடு காயப்போட்டவர் சரக்கு நனைந்து புழு வைத்தால் அதுவும் அந்தப் படிவத்தில் ஏறாது. எழுதுவதற்கு இடமே இல்லாத இழப்பை எந்த அதிகாரி எப்படி மேலே அனுப்புவார்?

அதனால் கட்டங்களை நாமே போட்டுக்கொள்வது என்று சித்தியின் மகளிர் குழுவில் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஒரு பெரிய நோட்டு. படகு யார் ஓட்டுகிறார், யார் பெயரில் இருக்கிறது. டோக்கன் நிறுத்திய நாளிலிருந்து எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை. பாசிக்குப் போகாத நாள் எத்தனை. யாரிடம் எவ்வளவு முன்பணம் வாங்கியது, அதற்கு முன் மீனுக்கு என்ன விலை கிடைத்தது, இப்போது என்ன விலை. என்ன நகை அடகில் இருக்கிறது. எந்தப் பிள்ளை பள்ளியை, கல்லூரியை விட்டது. அப்புறம் ஒரு வருஷம் கழித்து அதே வீட்டுக்குப் போய் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டு எழுதுவது. இந்த வாடைக்காலத்துக்கு முன் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வீடு வீடாகப் போய் இப்போதைய நிலையை எழுதி வைத்துவிட வேண்டும், அப்போதுதான் பின்னால் ஒப்பிட முடியும். பெயர் மாறாத படகுப் பதிவுகளை மாற்றுவதற்கு இப்போதே மனு எழுதிக் கொடுக்கவும் தொடங்கியிருக்கிறோம், புயல் வந்தபின் அலைய முடியாது. நோட்டை நகல் எடுத்து மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்போகிறோம். மண்டபம், ஏர்வாடி, கீழக்கரை, தொண்டிப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்கள் யாராவது உங்கள் ஊரில் இதே மாதிரி எழுத முன்வந்தால், நாங்கள் போட்டிருக்கும் கட்டங்களை அப்படியே அனுப்பி வைக்கிறேன். தனுஷ்கோடியில் இருக்கும் குடும்பங்களை எழுத ஆள் கிடைத்துவிட்டது. தொண்டிக்கு இன்னும் கிடைக்கவில்லை.